பட்டறைத் திண்ணை: காருக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர்களுக்கு

போன இதழில் பழைய அம்பாசடர் ஒன்றின் அடித்தகட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பிடித்துக்கொண்டுதான். அதனால் இந்தத் தடவை இன்ஜின், கியர்பாக்ஸ், மைலேஜ் எல்லாம் ஓரமாக நிற்கட்டும். காருக்கு அடியில் மட்டும் போவோம்.

கேள்வி: எங்கள் அப்பா 1971-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. அடிப்பக்கம் பழைய தார்ப் பூச்சு அங்கங்கே விட்டுத் தொங்குகிறது. “தண்ணி அடித்துக் கழுவிட்டு, மேலேயே ஒரு கோட் கறுப்பு அண்டர்கோட்டிங் போட்டால் புதுசாயிரும், ஒரு நாள் வேலை” என்கிறார்கள் பட்டறையில். போட்டுவிடலாமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் ஐயா. அந்த ஒரு நாள் வேலையை நம்பிய வண்டிகள்தான் சில வருடம் கழித்துத் தகடு மாற்ற என்னிடம் வருகின்றன.

தார்ப் பூச்சு புதிதில் வளைந்து கொடுக்கும். வயதாக ஆக, நம் ஊர்ச் சூட்டில் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் நுழைந்த தண்ணீர் தாருக்கும் தகட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். காற்று படாது, வெயில் படாது, காயவும் காயாது. பூச்சே இல்லாத தகடாக இருந்தால் மழை விட்டதும் உலர்ந்திருக்கும். ஆக, வெடித்த பூச்சு பூசாததைவிட மோசம். அதன் மேல் இன்னொரு கோட் போடுவது திருடனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுகிற கதை.

சமீபத்தில் ஒரு மார்க் 3 வந்தது. பார்வைக்கு அடிப்பக்கம் மழமழவென்று கறுப்பாக இருந்தது. பின் சீட்டுக்குக் கீழே பட்டி போடுகிற தகட்டை நுழைத்து நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே வில்லையாகத் தார் கழன்று கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் உட்பக்கம் முழுக்கக் காவி. தகட்டின் மடிப்பு, ஸ்பாட் வெல்டிங் புள்ளி எல்லாம் துருவிலேயே அச்சுப் பதிந்திருந்தது. விரலால் தொட்டால் ஈரம். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

அதனால் பூச்சு என்ன வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், தகடு என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று சொல்லும். துரு தின்ற இடம் ‘டொப்’ என்று அடங்கிப் போகும். அந்த இடத்தில் மட்டும் ஸ்குரூடிரைவரின் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், அது ஏற்கெனவே ஓட்டைதான்; இப்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். கதவுகளுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டி, ஜாக்கி வைக்கிற இடம், பின்பக்கப் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கைத்தான் பட்டை என்போம்) முன் கொக்கி மாட்டியிருக்கும் பகுதி, மட்கார்டின் உள் வளைவு, டிக்கியின் மூலைகள் இவற்றை விட்டுவிடாதீர்கள். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் சேசிஸ். அடித்தகடு உளுத்தால் வண்டியின் எலும்பே உளுத்ததாக அர்த்தம்.

வண்டிக்கு உள்ளேயும் பாருங்கள். ரப்பர் மேட்டைத் தூக்குங்கள், அதற்கடியில் சணல் விரிப்பு இருந்தால் அதையும் தூக்குங்கள். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்துபோய் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, சணல் அதைக் குடித்து வைத்திருக்கும். அடியில் நாம் பார்க்கிற துருவில் பெரும்பங்கு இப்படி மேலேயிருந்து இறங்கியதுதான். கண்ணாடி ரப்பரை மாற்றாமல் அடியில் எத்தனை கோட் அடித்தாலும் பிரயோசனமில்லை.

இனி வேலை. முதலில் தாரை எடுக்க வேண்டும். சூடான காற்று ஊதும் ஹாட் கன் வைத்து இளக்கி, பட்டித் தகட்டால் சுரண்டினால் பட்டை பட்டையாக வரும். கேஸ் விளக்கு வைத்துச் சூடாக்க விடாதீர்கள். பெட்ரோல் டேங்கும் பெட்ரோல் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுவது உத்தமம். மிச்சம் ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எடுக்கலாம். பிறகு துரு உள்ள இடங்களில் கம்பி பிரஷ், கிரைண்டர். ஒரு எச்சரிக்கை: அம்பாசடரின் முன் சஸ்பென்ஷனுக்கு நீளவாட்டில் இரண்டு டார்ஷன் பார் கம்பிகள் போகும். அவற்றில் கிரைண்டர் பட்டுக் கீறல் விழக் கூடாது, வெல்டிங் தீப்பொறியும் தெறிக்கக் கூடாது. முறுக்கி முறுக்கி வேலை செய்யும் கம்பி அது. சின்னக் கீறலில் தொடங்கித்தான் முறியும்.

தகடு மாற்ற வேண்டிய இடத்தை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து சி.ஓ.டூ வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஊதிக்கொண்டே மின்சாரத்தில் பற்றவைப்பது) பிடிக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங்கின் சூட்டுக்கு மெல்லிய தகடு நெளிந்துபோகும். பழைய ஓட்டைத் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்துப் பற்றவைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் மறுபடியும் ஈரம் தங்கும். கதவுக்குக் கீழ்ப் பெட்டியை வெட்டுவதற்கு முன், உள்ளே குறுக்குக் கம்பி வைத்துத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு கதவு சாத்தாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரைமர் அடிப்பதற்கு முன் தின்னர் போட்டுத் துடைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு துணியில் தின்னரை நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால், கரைந்த எண்ணெய்ப் பிசுக்கு மறுபடி அங்கேயே படிந்துவிடும். பெயின்ட் உரிகிற முக்கால்வாசிக் கேஸ்களில் பெயின்ட் மேல் தப்பில்லை, இந்த இரண்டாவது துணி இல்லாததுதான் தப்பு.

பிரைமராக இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸியைத்தான் நான் சொல்வேன். கடையில் மலிவாகக் கிடைக்கும் ரெட் ஆக்சைடை அடித்து அப்படியே விட்டால் அது ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸியை டப்பாவில் போட்ட அளவுப்படி கலக்க வேண்டும். நம் வெயிலில் கலந்த கலவை சீக்கிரம் இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குவது நல்லது. வேலைக்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. ஆனால் காலையிலேயே அடித்து முடித்துவிட வேண்டும். உச்சிவெயிலில் சுடுகிற தகட்டில் அடித்தால் பெயின்ட் தகட்டில் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாக நிற்கும். ஐப்பசி மழையில் எவன் சொன்னாலும் அடிக்காதீர்கள். சித்திரையிலும் அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் பெயின்டரைத் தேடி மதுரைக்கு வராதீர்கள், கிடைக்க மாட்டார்.

பிரைமருக்கு மேல், தகடுகள் சேரும் இடங்களில் இடுக்கை அடைக்கும் சீலன்ட். அதற்கு மேல் சாதாரண இரண்டு டப்பா பெயின்ட் போதும். நிறம் உங்கள் இஷ்டம். எனக்கு இளஞ்சாம்பல் பிடிக்கும். கறுப்பில் எதுவும் தெரியாது. சாம்பலில் கியர்பாக்ஸ் ஆயில் ஒரு சொட்டு ஒழுகினாலும், துரு ஒரு புள்ளி வைத்தாலும் குனிந்தவுடன் கண்ணில் படும். கல் தெறிக்கிற மட்கார்டு உள் வளைவில் மட்டும் கல்லடி தாங்குகிற ரப்பர் பூச்சு ஒரு கோட் கொடுங்கள். மூடிய பெட்டிகளுக்குள் பிரஷ் போகாது. அங்கே மெழுகுப் பூச்சை நீளக் குழாய் வைத்து ஓட்டை வழியாக ஊத வேண்டும். ஊதிய மறுநாள் வெயிலில் அது சொட்டும், கீழே அட்டை விரித்துவையுங்கள். வேலை முடிந்ததும் கதவுக்கும் பெட்டிக்கும் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெயின்டர்கள் அதை அடைத்துவிடுவார்கள். ஓட்டையை அடைப்பதுதான் நல்ல வேலை என்று அவர்களுக்கு ஒரு எண்ணம்.

எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, வயரை மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். “பெயின்ட் அடித்ததிலிருந்து செல்ப் எடுக்கவில்லை” என்று வண்டியைக் கட்டி இழுத்து வருபவர்களுக்கு இந்த ஒரு போல்ட்டைத்தான் நான் சுரண்டிக் கொடுக்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ரிட்டயரானதும் பழைய பியட் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமையானால் அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஜாக்கியும் இரண்டு ஹாலோ பிளாக் கல்லும்தான் தாங்கல். சொன்னால் “உனக்கு என்ன தெரியும்” என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
- வாசகி, ஆனையூர்

பதில்: அம்மா, இதைப் படித்ததும் முதலில் அவர் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். பிறகு இந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள்.

அண்ணே, ஹாலோ பிளாக் விரிசல் விட்டுவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் பொடிந்துவிடும். ஜாக்கி, தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு நாலு வைத்து, வண்டியை அதில் இறக்கி, பக்கவாட்டில் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும். ஸ்டாண்டும் சிமென்ட் தரையில் நிற்க வேண்டும், மண்ணில் வேண்டாம். கழற்றிய சக்கரங்களைப் படுக்கவைத்து பாடிக்கு அடியில் தள்ளிவிட்டால் கூடுதல் காவல். கிரைண்டர் பிடித்தால் கண்ணாடி, மாஸ்க் இரண்டும் வேண்டும்; மேல்நோக்கிப் படுத்து வேலை செய்கிறவருக்குத் துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும். எபாக்ஸி ஸ்பிரே செய்யும்போது துணி மாஸ்க் போதாது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அண்ணி வீட்டில் இல்லாத நேரத்தில் அடியில் போகாதீர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தாத்தா வருசா வருசம் மழைக்கு முன்னால் காருக்கு அடியில் விளக்கெண்ணெய் பூசுவார். இப்போது டிரைவர் பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்கிறார். எது சரி?
- வாசகர், சோழவந்தான்

பதில்: உங்கள் தாத்தா விவரமானவர். எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தகட்டோடு சேரவிடாது, அது உண்மை. அந்தக் காலத்து பிரேக் ஆயிலையே விளக்கெண்ணெயை வைத்துத்தான் செய்தார்கள். இயற்கை ரப்பரை அது ஊதவைக்காது என்பதுதான் காரணம். பெட்ரோலியத்திலிருந்து வரும் இன்ஜின் ஆயில் அப்படியில்லை. பட்டையின் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊறி உப்பிக் கொழகொழத்துவிடும். போதாததற்குக் கழிவு ஆயிலில் எரிந்துபோன அமிலமும் கரியும் கிடக்கும், தோலுக்கும் கெடுதல், நாள்பட்டால் புற்றுநோய் வரை போகும் சமாச்சாரம். டிரைவரிடம் சொல்லுங்கள், அவர் கைக்காகவும்தான்.

விளக்கெண்ணெயிலும் குறை உண்டு. சோழவந்தான் வாய்க்கால் கரைப் புழுதி முழுவதையும் அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். நாளைக்கு பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவு செய்தால் அத்தனையையும் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். பெயின்ட் அடிக்கிற எண்ணம் இல்லை, வண்டி மழையில் அதிகம் போகாது என்றால் தாத்தா வழியே போகலாம். சைலன்ஸர் குழாய்ப் பக்கம் மட்டும் பூசாதீர்கள், புகையும்.

கேள்வி: கப்பலூர் பக்கம் மணல் வீசித் துரு எடுத்துக் கொடுக்கிறார்கள். முழு பாடியையும் கொடுத்தால் ஒரே மூச்சில் முடியுமே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: முடியும் தம்பி, பாடியும் முடிந்துவிடும். அந்த வீச்சின் அடியில் மெல்லிய தகடு விரிந்து நெளியும். கதவு, பானெட், டிக்கி மூடி, அடித்தகட்டின் அகலமான பகுதிகள் எல்லாம் வயிறு தள்ளிக்கொண்டு வரும். கனமான உருப்படிகளைக் கழற்றிக் கொடுங்கள்: ஆக்சில் ஹவுசிங் (அச்சின் கூடு), கிராஸ் மெம்பர் (அடியில் குறுக்காகப் போகும் இரும்பு), பட்டையின் கொக்கிகள். ஆக்சில் ஹவுசிங்கின் வாயைக் கெட்டியாக அடைத்துக் கொடுக்க வேண்டும், ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனாலும் பேரிங் போய்விடும். வீசி முடித்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. அன்றைக்கே பிரைமர் பார்த்தாக வேண்டும். கையால் தொட்டால் வியர்வைத் தடத்திலேயே துரு பூக்கும். ஆற்று மணலை வைத்து வீசுகிற இடமாக இருந்தால் பக்கத்தில் நிற்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.

பவுடர் கோட்டிங் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை போகும், அதனால் ரப்பர் புஷ் அத்தனையும் கழற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும். நல்ல பூச்சுதான். ஆனால் கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டால் அதன் ஓரமாக அடியில் துரு ஊர்ந்து போகும், நமக்குத் தெரியாது. பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய பெயின்ட்டே என் ஓட்டு.

கேள்வி: மண்டபத்தில் வேலை. பத்மினி கார் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தரம் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன். இருந்தும் அடியில் துரு நிற்கவில்லை.
- வாசகர், மண்டபம்

பதில்: நீங்கள் இருக்கிற இடம் அப்படி. 1914-ல் ரயில் விட்ட பழைய பாம்பன் பாலத்தைக் கட்டிக் காத்தவர்களைக் கேட்டால் உப்புக்காற்று என்றால் என்ன என்று சொல்வார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குச் சாதாரண பெயின்ட் போதாது என்று பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில்தான் உங்கள் பத்மினியும் நிற்கிறது.

சந்தேகம் எனக்கு உங்கள் வாட்டர் சர்வீஸ் மேல்தான். எந்தத் தண்ணீர் என்று கேட்டீர்களா? உவர்ப்பான போர் தண்ணீரால் உப்பைக் கழுவினால் ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வரும். நல்ல தண்ணீர் கொஞ்சமாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, குழாயை அடியில் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். வேகமாக அடிக்கிற தண்ணீர் மடிப்புகளுக்குள் உப்புச்சேற்றை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். கழுவியதும் நிறுத்திவிடாமல் கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டிலும் காற்றிலும் காயும். தனுஷ்கோடி போய்வந்தால் அன்று இரவே கழுவ வேண்டும். மெழுகுப் பூச்சு உங்களுக்கு வருடம் ஒரு தரம், மழைக்கு முன்னால். பின்பக்கம் போகும் பிரேக் குழாயை முதலில் பாருங்கள், அது இரும்பு. கை வைத்துத் தடவும்போது பொரிப்பொரியாகத் தட்டுப்பட்டால் பெயின்ட் யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கடுக்காய்த் தண்ணீர் தடவினால் துரு நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
- கல்லூரி மாணவர், கருமாத்தூர்

பதில்: பாதி உண்மை தம்பி. கடுக்காயில் இருக்கும் டானின் இரும்புத் துருவோடு சேர்ந்தால் கறுத்துக் கெட்டியாகும். அந்தக் காலத்து எழுத்து மையே அப்படித்தான் பிறந்தது. கடையில் துரு மாற்றி என்று விற்கும் பாட்டில்கள் பலவற்றில் இருப்பதும் டானிக் அமிலம்தான், கூடவே படலமாக நிற்க ஒரு பிசின் சேர்த்திருப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரில் அந்தப் பிசின் இல்லை, அதனால் அடுத்த மழையில் பழைய கதைதான். எந்த மருந்தானாலும் செதிலாக நிற்கும் துருவைச் சுரண்டிய பிறகு, தகட்டோடு இறுகிய துருவுக்கு மட்டும்தான் பிடிக்கும். பாஸ்பாரிக் அமில வகையாக இருந்தால் மிச்சத்தை நன்றாகக் கழுவிக் காயவைக்காமல் மேலே எபாக்ஸி அடிக்காதே, ஒட்டாது.

கேள்வி: 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. விண்டேஜ் பதிவு செய்ய ஆசை. அடியில் வெல்டிங் செய்தால் பதிவுக்குத் தடை வருமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவு 5,000. ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிகிறவற்றுக்கு வி.ஏ. வரிசை. அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விதியில் உள்ள நிபந்தனை, வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது. உளுத்த இடத்தில் அதே வடிவத்தில் தகடு போடுவது பழுதுபார்ப்பு என்பது என் எண்ணம். ஆனாலும் வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹெரால்டுக்கு அம்பாசடர் போலில்லாமல் தனி சேசிஸ் உண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருவேறும், பாடி உட்காருவதே அவற்றின் மேல்தான். சேசிஸ் நம்பர் உள்ள இடத்தில் கிரைண்டரோ தடிமனான பூச்சோ படாமல் டேப் ஒட்டிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். நம்பர் படிக்க முடியாமல் போனால் விண்டேஜ் இல்லை, சாதாரணப் பதிவுக்கே அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: அடிவேலைக்கு மொத்தமாக ஒரு தொகை பேசலாமா, நாள் கூலியா?
- வாசகர், மேலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். தார் சுரண்டும் வரை ஒரு தொகை பேசுங்கள். அடித்தகடு முழுக்கத் தெரிந்த பிறகுதான் எவ்வளவு தகடு மாற்ற வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியும்; அதற்கு முன் சொல்கிற மொத்தத் தொகை உங்களுக்கோ பட்டறைக்காரருக்கோ, யாராவது ஒருவருக்கு நஷ்டம். நஷ்டம் அவருக்கு என்றால் உங்கள் வண்டியில்தான் அது தெரியும். வெல்டிங் முடிந்ததும் ஒரு தவணை, பிரைமர் காய்ந்ததும் ஒரு தவணை. பிரைமர் அடிக்கிற அன்று காலையிலேயே போன் போடச் சொல்லி, அடிப்பதற்கு முன் நேரில் போய் வெறும் தகட்டைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம், தேவையில்லை என்று மழுப்பினால் முன்பணத்தோடு போகட்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.